நியான் ஒளியும் நெய்வேலிக் கரியும்

(இரண்டாமாண்டு இயற்பியல் மாணவன், ஸ்ரீமுஷ்ணம்)

ஒளியைப் பற்றிப் பேச இயற்பியல் மாணவனுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்ற துணிவில் இக்கட்டுரையை எழுதப் புகுகின்றேன். கவிதை எழுதும் நண்பர்கள் பொறுத்தருள்க.

நம் தோழர்களின் கைப்பேசிகளைத் திறந்தால் ஏறக்குறைய ஒரே படம் எல்லோரிடமும் இருக்கிறது. சென்னை மாநகரின் உயர்ந்த கட்டடங்கள், மாலை நேரம். ஆனால் வானம் நாம் அறிந்த வானமாக இல்லை. ஊதாவும் இளஞ்சிவப்பும் குழைந்து கிடக்கின்றன. கட்டட விளிம்புகளில் நீலக் கோடுகள் எரிகின்றன. சாலை கண்ணாடிபோல் மின்னுகிறது. மேகம் மூடிய சாம்பல் நிற மாலையில் எடுத்த சாதாரணப் படத்தைச் செயலி ஒன்றில் இட்டு, 'நியான்' என்று எழுதிய பொத்தானைத் தொட்டால் மூன்று வினாடிகளில் இந்த மாயம் நடந்துவிடுகிறது. இவ்வாண்டு நம் மாணவர்கள் வைத்த படக் கண்காட்சியிலும் பாதிக்கு மேல் இவைதாம். பரிசும் இவற்றுக்கே. தோழர்கள் பரிசு பெற்றதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் படத்தின் முன் நின்று வியந்தவர்களில் ஒருவராவது, 'இந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது?' என்று கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

நியான் என்பது விளக்கின் பெயரன்று, ஒரு வாயுவின் பெயர். 1898-ஆம் ஆண்டில் லண்டனில் ராம்சே, டிராவர்ஸ் என்ற இரு வேதியியலாளர்கள் காற்றைக் குளிர்வித்துத் திரவமாக்கிப் பிரித்தபோது அதைக் கண்டுபிடித்தார்கள். 'புதியது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார்கள். நாம் மூச்சுவிடும் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 18 பங்கு நியான். அதைக் கண்ணாடிக் குழாயில் குறைந்த அழுத்தத்தில் அடைத்து, ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் கொடுத்து எரியவைத்து, 1910-இல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் ஊரை அசத்தியவர் ஜார்ஜ் கிளாட் என்ற பிரெஞ்சுக்காரர்.

ஆனால் நியான் வாயு தரும் நிறம் ஒன்றே ஒன்றுதான், ஆரஞ்சு கலந்த சிவப்பு. நீலம் வேண்டுமென்றால் குழாயில் ஆர்கானும் பாதரச ஆவியும் இருக்க வேண்டும். மற்ற நிறங்களுக்குக் குழாயின் உட்புறம் ஒளிர்பொருள் பூச வேண்டும். மின்னிறக்கக் குழாயை நிறமாலைமானி வழியே பார்த்த மாணவர்களுக்கு இது தெரியும். ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று சில கோடுகளை மட்டுமே காட்டும், கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுபோல. நியான் தன்னைப் பாதரசம் என்று ஒருநாளும் சொல்லிக்கொள்ளாது. செயலியில் பிறக்கும் நியானுக்கோ கையெழுத்தே கிடையாது. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களே. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. வெளிச்சமான இடங்களைத் தனியே எடுத்து, அவற்றைக் கலங்கலாக்கி, நிறமேற்றி, மூலப்படத்தின்மேல் கூட்டிவிட்டால் ஒளிவட்டம் கிடைத்துவிடும். திரையில் நாம் காணும் ஊதாகூட உண்மையான ஊதா அலைநீளம் அன்று. சிவப்பும் நீலமும் சேர்ந்து நம் கண்ணுக்குச் செய்யும் ஏமாற்று அது.

இப்படிப்பட்ட படத்தைக் கண்டுபிடிப்பது எளிது. விளக்கு என்றால் அது பக்கத்திலிருப்பவற்றின்மேல் விழ வேண்டும் அல்லவா? சிவப்பு விளக்கின் கீழ் நிற்பவனின் தோளில் சிவப்பு படிய வேண்டும், சுவரில் படிய வேண்டும், நிழல் மறுபக்கம் சாய வேண்டும். ஏற்றிய வெளிச்சம் பெரும்பாலும் காற்றிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். யார்மேலும் விழாது. கண்காட்சிப் படங்களை இந்தக் கண்ணோடு இன்னொரு முறை பாருங்கள்.

"இதில் என்னப்பா தவறு? கலைக்குக் கற்பனை கூடாதா?" என்று விடுதித் தோழன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. நம் ஊர் ஸ்டுடியோக்களில் திரைச்சீலையில் வரைந்த தாஜ்மகாலின் முன் நின்று நம் தாத்தா பாட்டிமார் படம் எடுத்துக்கொண்டார்கள். பொருட்காட்சியில் அட்டை நிலாவில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் பட்டுப்புடவைக்குத் தூரிகையால் வண்ணம் தீட்டிக் கொடுத்த கலைஞர்களும் இருந்தார்கள். கோபுரத்துச் சிற்பங்களுக்குக் குடமுழுக்குதோறும் வண்ணம் பூசுகிறோம். இவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை. ஏனென்றால் திரைச்சீலையின் மடிப்பு படத்திலேயே தெரியும். நிற்பவருக்கும் தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும். தாத்தா ஆக்ரா போய் வந்தார் என்று யாரும் நம்பவில்லை. இன்றைய படத்தில் அந்த மடிப்பு இல்லை. வேறுபாடு அவ்வளவுதான். அது சிறிய வேறுபாடு அன்று.

என் வீட்டுச் செய்தியையே சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். அண்ணன் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு சென்னைக்குப் போய், பெயர்ப்பலகை செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறார். என் பேருந்துக் காசும் புத்தகக் காசும் அவர் அனுப்புவது. வேடிக்கை என்னவென்றால், கடைவாசல்களில் 'நியான்' என்று சொல்லி அவர்கள் மாட்டுவதில் நியான் வாயுவே கிடையாது. வளையும் சிலிக்கான் குழாய்க்குள் எல்.இ.டி. விளக்குகளை வரிசையாகப் பதித்தது அது. கண்ணாடிக் குழாயை நெருப்பில் காட்டி எழுத்தெழுத்தாக வளைக்கும் கைவினைஞர்களைப் பற்றிப் பட்டறையில் மூத்தவர்கள் கதையாகத்தான் சொல்கிறார்களாம்.

அண்ணன் அங்கிருந்து அனுப்பும் படங்களில் எல்லாம் ஊதா வானம். மொட்டைமாடியில் நிற்பார், பின்னால் நகரம் பற்றி எரிவதுபோல் ஒளிரும். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "புள்ள இவ்ளோ வெளிச்சத்துல இருக்கான், பயமில்ல" என்பார். ஓர் அறையில் ஆறு பேர் படுத்திருப்பதும், அறைக்குச் சன்னல் இல்லாததும் அம்மாவுக்குத் தெரியாது. அண்ணன் பெருமைக்காக அந்த நிறத்தை ஏற்றவில்லை. அம்மா கவலைப்படக் கூடாது என்பதற்காகவே ஏற்றினார். அந்த அன்பை நான் எப்படிக் குறை கூறுவேன்? ஆனால் அதே படத்தை எங்கள் தெருப் பையன்களும் பார்க்கிறார்கள். அவர்களுக்கு அது தைரியம் சொல்லும் கடிதம் அன்று, அழைப்பிதழ். அடுத்த மாதம் பொதுத்தேர்வை வைத்துக்கொண்டு, "அண்ணே, அங்க ஒரு எடம் பாத்துச் சொல்லச் சொல்லுண்ணே" என்று என்னிடம் கேட்டவன் ஒருவன் உண்டு.

முன்பும் சென்னை நமக்குப் படமாகத்தான் வந்தது. 1959-இல் மவுண்ட் ரோட்டில் எழுந்த எல்.ஐ.சி. கட்டடம், 14 மாடி, 177 அடி உயரம். கிராமத்து நாயகன் பட்டணம் வந்து இறங்கியதும் தமிழ்ப்படத்தில் அதைத்தான் முதலில் காட்டுவார்கள். டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து அதை அண்ணாந்து பார்த்தவர்கள் நம் பெற்றோர். அந்தக் கட்டடமாவது இருந்தபடி இருந்தது.

என் தந்தையார் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் வேலை பார்ப்பவர். அகல், பொம்மை, பியூஸ் கேரியர் எல்லாம் அவர் கை பட்டவை. படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது சூளைக்குப் போவாத கலருடா, தம்பி" என்றார். பீங்கானில் நீலம் வர வேண்டுமென்றால் கோபால்ட் ஆக்சைடு பூசுவார்கள். பூசும்போது அது நீலமாக இராது, கறுத்துத்தான் கிடக்கும். ஆயிரம் டிகிரிக்கு மேல் வெந்து வெளியே வந்தால்தான் நீலம். அதன்பிறகு அது கழுவினாலும் போகாது.

அப்படியானால் படத்துக்கு வண்ணமேற்றுவதே கூடாதா? கூடும். விஞ்ஞானிகளே செய்கிறார்கள். தீபாவளிதோறும் ஒரு படம் நம் கைப்பேசிகளுக்கு வந்து சேர்கிறதே, 'விண்வெளியிலிருந்து தீபாவளி இரவில் இந்தியா' என்று? நீலமும் பச்சையும் சிவப்புமாக நாடே ஒளிரும். அது எந்தத் தீபாவளியிலும் எடுத்த படம் அன்று. கிறிஸ் எல்விட்ஜ் என்ற அமெரிக்க விஞ்ஞானி, பல ஆண்டுகளின் செயற்கைக்கோள் தரவுகளைச் சேர்த்து 2003-இல் உருவாக்கியது. 1992-க்கு முன்பே தெரிந்த விளக்குகளுக்கு வெள்ளை. 1992-இல் புதிதாகத் தெரிந்தவற்றுக்கு நீலம். 1998-இல் தெரிந்தவற்றுக்குப் பச்சை. 2003-இல் தெரிந்தவற்றுக்குச் சிவப்பு. நம் நகரங்கள் எப்படிப் பெருகின என்று காட்டுவதற்கு ஏற்றிய வண்ணங்கள் அவை. விளக்கக் குறிப்போடு பார்த்தால் அது அரிய அறிவியல் படம். குறிப்பைக் கிழித்தெறிந்துவிட்டு அனுப்பினார்கள், பொய்யாகிவிட்டது. படம் அதேதான், ஒரு புள்ளிகூட மாறவில்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நாசா நிறுவனம் 2012 நவம்பர் 12 அன்று செயற்கைக்கோள் எடுத்த உண்மையான இரவுப் படத்தை வெளியிட்டது. அதில் இந்தியா வாணவேடிக்கையாக இல்லை, சாதாரண நகர விளக்குகள்தாம் தெரிந்தன. தீபாவளி விளக்குகளால் கூடும் ஒளி விண்ணிலிருந்து பார்த்தால் தெரியாத அளவுக்குச் சிறியது என்றும் அவர்கள் விளக்கினார்கள்.

அந்த 2012 நவம்பரை நம் மாவட்டத்தார் மறக்க முடியுமா? அப்போது நான் இரண்டாம் வகுப்பு. சென்னைக்கு நாளொன்றுக்கு 2 மணி நேர மின்வெட்டு. வெளி மாவட்டங்களில் பல நாள்களில் 12 மணி நேரத்தையும் தாண்டியது. அதற்கு முந்திய ஆண்டு, 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல், கடலூர் மாவட்டத்தின் பலாவையும் முந்திரியையும் மின்கம்பங்களையும் ஒன்றாகச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. ஸ்ரீமுஷ்ணத்தில் மண்ணெண்ணெய் விளக்கின் முன் உட்கார்ந்து வாய்ப்பாடு படித்தவர்கள் நாங்கள்.

இருந்த இடம் எது என்று பாருங்கள். இங்கிருந்து பேருந்து ஏறினால் எட்டிவிடும் தொலைவில் நெய்வேலி. 1962-லிருந்து பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் செய்கிற ஊர். அந்த மின்சாரம் தென்மாநிலங்கள் பலவற்றுக்கும் கம்பி வழியே போகிறது. அந்தக் கரிக்காக ஊர்கள் பெயர்ந்தன, நிலங்கள் போயின. பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2023 ஜூலை 26 அன்று, சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்துக்குக் கால்வாய் வெட்டுவதற்காக வளர்ந்து நின்ற நெற்பயிரின்மேல் மண்வாரி எந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். நட்ட பயிரை அறுக்கவாவது விட்டிருக்கலாம் என்பது உழவர்களின் வாதம். வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்று, பயிருக்கு இழப்பீடு தர உத்தரவாயிற்று. அந்தப் பச்சை வயலில் எந்திரங்கள் நின்ற காட்சியை நாடே பார்த்தது. அந்தப் படத்துக்கு யாரும் வண்ணம் ஏற்றவில்லை.

நகரத்தின் விளக்கு ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கம்பி இருக்கிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு கொதிகலன், அதற்கும் பின்னால் ஒரு பள்ளம், பள்ளத்தில் ஒருகாலத்தில் ஒரு கொல்லை. விரலால் ஏற்றும் ஒளிக்கு இவை எதுவும் தேவையில்லை. அதனால்தான் அதைப் பார்த்துப் பழகிய கண், நிஜமான நகரத்தின் ஒளியையும் யாரும் கொடுக்காமல் தானாக வந்தது என்று எண்ணத் தொடங்குகிறது. எனக்குள்ள வருத்தம் இதுதான். அழகைப் பற்றிய வழக்கு இல்லை இது.

ஆகவே கண்காட்சி நடத்தும் தோழர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். வண்ணமேற்றிய படங்களைத் தடுக்க வேண்டாம். தடுத்தால் கேட்கவும் மாட்டோம்! அடுத்த ஆண்டு, ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் அதன் மூலப்படத்தைச் சிறியதாக ஒட்டச் சொல்லுங்கள். எந்த இடம், எத்தனை மணி, எதை ஏற்றியது என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். 'இரவு' என்ற தலைப்பில், எதையும் ஏற்றாத படங்களுக்கென்று தனிப்பரிசு ஒன்று வையுங்கள். எடுக்க நம் பக்கத்தில் என்ன இல்லை? மாசி மகத்துக்குக் கிள்ளைக்குப் புறப்படும் பூவராகப் பெருமாளின் முன் எரியும் விளக்குகள் இருக்கின்றன. கடைசிப் பேருந்துக்காக விருத்தாசலம் நிலையத்தில் காத்திருப்பவர்கள் முகத்தில் விழும் டீக்கடை வெளிச்சம் இருக்கிறது. சூளையின் வாயில் தெரியும் செம்மஞ்சள் இருக்கிறது. அது நியானின் நிறத்துக்கு வெகு பக்கத்தில் வரும். நெய்வேலிப் புகைபோக்கிகளின் சிவப்பு விளக்குகளை எங்கள் தெருப் பையன் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். தேர்வு முடிந்த பிறகு.