பதக்கத்துக்கு முன் நாற்காலி

பாரிஸ் பாராலிம்பிக்கில் 2024-ஆம் ஆண்டு பதக்கம் வென்ற துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ, மாரியப்பன் ஆகிய நால்வருக்கும் தமிழக அரசு மொத்தம் 5 கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்கியது. மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால், வென்ற பிறகு வரும் பணம் ஆட்டத்தைத் தொடங்கவே வழியில்லாதவர்களை எட்டாது. சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆட விரும்புகிறவர்களின் நிலை இதுதான்.

மைதானமும் 10 அடி உயர வளையமும் எல்லோரும் ஆடுகிற அதே அளவுதான். ஒவ்வொரு வீரருக்கும் உடல் இயக்கத் திறனைப் பொறுத்து 1 முதல் 4.5 வரை புள்ளி தருகிறார்கள். சர்வதேச ஆட்டங்களில் களத்தில் நிற்கும் ஐவரின் கூட்டுத்தொகை 14-ஐத் தாண்டக்கூடாது. எவ்வளவு அருமையான விதி! அதிகம் அசைய முடியாதவர் இல்லாமல் அணியே அமையாது. அவரை யாரும் பரிதாபப்பட்டுச் சேர்ப்பதில்லை; அவர் தேவைப்படுகிறார்.

சிக்கல் நாற்காலியில்தான். மருத்துவமனை நாற்காலியில் வேகமாகத் திரும்பினால் கவிழ்ந்துவிடும். விளையாட்டு நாற்காலியின் சக்கரங்கள் கீழே அகன்று சாய்ந்திருக்கும். பின்பக்கம் கவிழாமல் தாங்கச் சிறு சக்கரமும் இடுப்பைப் பிணைக்கப் பட்டையும் இருக்கும். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் ஒன்றின் விலையே லட்சத்தைத் தாண்டும். பயிற்சி ஆட்டத்துக்குக்கூட பத்து வேண்டும். கூலி வேலைக் குடும்பம் எங்கே போகும்? எனவே பந்தையும் வளையத்தையும் போல இந்த நாற்காலிகளையும் மைதானத்தின் பொதுச் சொத்தாக அரசே வாங்கி வைக்க வேண்டும்.

தென்காசியில் இதைத் தொடங்கலாம். கடற்படை அதிகாரித் தேர்வின்போது 1975-இல் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன், 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள் அங்கே மறுவாழ்வுப் பயிற்சி பெறுகிறார்கள். பயிற்சி முடிந்து வீடு திரும்பிய இளைஞன் அடுத்து எங்கே போவான் என்பதற்குத்தான் மாவட்டத்திடம் பதில் இல்லை.

முதலில் சாய்தளமும் ஏறக்கூடிய பேருந்தும் வரட்டும், விளையாட்டு பிறகு என்பார்கள். அது தவறு. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவட நோயாளிகளுக்கு விளையாட்டைச் சிகிச்சையாகவே கொடுத்தார் மருத்துவர் லுட்விக் குட்மன். 1948-இல் அவர் நடத்திய போட்டியிலிருந்துதான் பாராலிம்பிக் வளர்ந்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறத் தேவையான தோள்வலு ஆட்டத்தில் கிடைக்கிறது. தினமும் மைதானத்துக்கு வருகிறவர்கள் இருந்தால் சாய்தளமும் தானாகக் கேட்கப்படும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 30-ஆவது பிரிவு, அவர்கள் விளையாட்டில் பங்கேற்க வசதி செய்வதை அரசின் கடமையாக்கியிருக்கிறது. பயிற்சிக்குச் சென்னையிலுள்ள இந்திய சக்கர நாற்காலிக் கூடைப்பந்துச் சம்மேளனத்தை அழைக்கலாம். குற்றாலம் சாரல் விழாவில் ஊரே கூடும்போது ஒரு காட்சிப் போட்டி நடத்தலாம். வரும் நிதியாண்டிலேயே 12 நாற்காலிகளுக்கு மாவட்ட நிர்வாகம் நிதி ஒதுக்க வேண்டும்.