பொன்னியின் பூர்வீகம்
ஆசிய நாடுகள் வேளாண் ஆராய்ச்சியில் கைகோக்கப் போவதாகச் செய்தி வரும்போதெல்லாம் எனக்குப் பொன்னி அரிசிதான் நினைவுக்கு வரும். தைவானின் தைச்சுங் 65 நெல்லையும் மலாயாவின் மாயாங் எபோஸ் 80 நெல்லையும் கலந்தது ஒடிசாவின் கட்டாக்கில், 1950களில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு நடத்திய திட்டம் அது. விதை மலாயா போய், அங்கே தேறி, 1965இல் மசூரி என்னும் ரகம் ஆயிற்று. அதுவே இங்கு வந்து, அதிலிருந்து தேர்ந்தெடுத்த வெள்ளைப் பொன்னியைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1986இல் வெளியிட்டது. பொன்னி சோழர் காலத்து நெல் என்று சாதிப்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சண்டைக்கே வருவார்கள்! இன்றோ ஒரு பிடி விதைநெல் எல்லை தாண்ட எத்தனை ஒப்பந்தம், எத்தனை கையெழுத்து. நம் நெல்லுக்கு யாரோ காப்புரிமை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் நியாயம் உண்டுதான். ஆனால், விதைப்பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மாநாட்டில் கைகுலுக்குவது எந்தக் கணக்கில் சேர்த்தி என்றுதான் எனக்குப் புரியவில்லை.