செங்கல் சுமந்தவர்கள் எங்கே?

சென்னை ராஜாஜி சாலையில் நிற்கும் ஸ்டேட் வங்கியின் சிவப்புக் கட்டடத்தை அண்ணாந்து பார்க்காதவர் குறைவு. 1843இல் தொடங்கிய மெட்ராஸ் வங்கிக்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த இந்தோ-சாரசெனிக் மாளிகை அது. வடிவம் ஹென்றி இர்வின், கட்டுமானம் நம்பெருமாள் செட்டி என்று படிக்கிறோம். செங்கல் சுமந்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள் யார்? நாம் படித்த வரலாற்றில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

அந்த வங்கி 1921இல் இம்பீரியல் வங்கியில் கலந்தது. 1955இல் அது பொதுத்துறை ஸ்டேட் வங்கியானது. வங்கிகள் மக்களுடையவை ஆகிவிட்டன என்கிறார்கள். ஆனால், வேறொரு வங்கியின் கிளைக்குக் கல்விக்கடன் கேட்டு நாங்கள் அழைத்துச் சென்ற மாணவியிடம், "அடமானம் வைக்கச் சொத்து இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். 4 லட்சம் வரை ஈடு தேவையில்லை என்பது விதி. நிலம் மறுக்கப்பட்டவர்களிடம் பத்திரம் கேட்பதும் தீண்டாமையின் தொடர்ச்சிதான்.

தோழர்களே, கட்டடத்தைப் பாதுகாக்கட்டும், நல்லது. கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கதவும் திறக்கட்டும். விதியை எழுத்தில் கேட்போம். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேட்போம்.