மாவு இல்லை, சீனி இல்லை. ஆனாலும் அது இனிப்புதான்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் சுகர் உள்ளவர்கள் இருந்தாலோ, பிஸ்கட் இல்லாமல் பால் குடிக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும் பேரப்பிள்ளைகள் இருந்தாலோ கடைசிவரை பொறுமையாகப் படியுங்கள்.

மைதா, கோதுமை என எந்த மாவும் போடாமல், சீனியும் போடாமல், பழத்தின் இனிப்பிலேயே செய்கிற பிஸ்கட் இப்போது எல்லார் செல்போனிலும் சுற்றுகிறது. குக்கீஸ் என்கிறார்கள். இதைப் பற்றி என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் செய்யுங்கள், நல்ல பண்டம்தான். ஆனால் "சுகர் உள்ளவங்களும் பயமில்லாம சாப்பிடலாம்" என்று சொல்லி யாருக்கும் கொடுக்காதீர்கள், விற்காதீர்கள். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு வேறு எப்படிச் சொல்லத் தெரியும்?

முதலில் கடை பிஸ்கட்டைப் பார்ப்போம். தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எந்த டீக்கடையில் நின்றாலும் கண்ணாடி ஜாடியில் பட்டர் பிஸ்கட்டும் வர்க்கியும் இருக்கும், பக்கத்திலேயே பாக்கெட் பிஸ்கட் சரம் தொங்கும். அந்தப் பாக்கெட்டைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். எது அதிக எடையோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் முதல் பெயர் "ரீஃபைண்ட் வீட் ஃப்ளோர்" என்று இருக்கும். அது மைதாதான், கௌரவமான பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. அடுத்து சர்க்கரை, பிறகு பாமாயில். அதற்குப் பின்னால் இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ் என்று ஏதாவது வந்தால் அதுவும் சர்க்கரையின் பங்காளிகள்தான். முன்பக்கத்தில் கோதுமைக் கதிர் படம் போட்டிருந்தாலும் பின்பக்கம்தான் உண்மை பேசும்.

இதற்கு மாற்றாக எங்கள் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 150 கிராம், துருவிய கொப்பரை 40 கிராம், வறுத்த எள் 20 கிராம், கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் 75 கிராம் (நடுத்தர அளவில் பத்துப் பழம் வரும்), நன்றாகப் பழுத்த சிறிய வாழைப்பழம் இரண்டு, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. வளைகுடாவிலிருந்து யாராவது லீவில் வந்தால் பேரீச்சம்பழப் பெட்டி இல்லாமல் வருவதில்லை, ஆகவே எங்கள் பக்கத்து வீடுகளில் அதற்குப் பஞ்சம் கிடையாது.

கடலையை மிக்சியில் விட்டு விட்டுச் சுற்றிக் கொரகொரப்பாகப் பொடிக்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டுக் கூழாகிவிடும். பேரீச்சம்பழத்தைக் கொஞ்சம் வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து, வாழைப்பழத்தோடு சேர்த்து மசித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பிசைந்து இருபது உருண்டை பிடித்துத் தட்டையாக அழுத்துங்கள். ஓவன் இருந்தால் 170 டிகிரியில் பதினைந்து முதல் இருபது நிமிடம். ஓவன் இல்லாதவர்கள் கனமான பாத்திரத்தின் அடியில் கல்லுப்பைப் பரப்பி, மூடிச் சூடேற்றி, உள்ளே ஒரு தாங்கியும் அதன்மேல் தட்டும் வைத்து மிதமான தீயில் அரை மணி நேரம் வையுங்கள். உப்பூர்க்காரர்களுக்கு உப்புக்கா குறை!

எடுத்தவுடன் மெத்தென்று இருக்கும், வேகவில்லையோ என்று தோன்றும். ஆறினால்தான் இறுகும். கடை பிஸ்கட் மாதிரி மொறுமொறுவென்று வரவில்லையே என்று வருத்தப்படாதீர்கள். அந்த மொறுமொறுப்பு சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து கொடுப்பது. பழத்தில் ஈரம் இருப்பதால் இது மென்மையாகத்தான் வரும், சீக்கிரம் கெடவும் செய்யும். நம் கடற்கரைக் காற்றில் வெளியே இரண்டு நாள்தான் தாங்கும். அதற்குமேல் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

இனி கணக்கு. பேரீச்சம்பழத்தில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 65 கிராம் சர்க்கரை. நாம் போட்டது 75 கிராம், அதில் 48 அல்லது 49 கிராம். இரண்டு சிறிய வாழைப்பழத்தில் ஒரு 15 கிராம். ஆக மொத்தம் 64 கிராம். இருபதால் வகுத்தால் ஒரு பிஸ்கட்டுக்கு மூன்று கிராமுக்குக் கொஞ்சம் மேல். கடலை, கொப்பரை, எள்ளில் உள்ள எண்ணெயையும் சேர்த்தால் ஒன்றுக்கு 75 கலோரிக்குக் குறையாது. நான்கு சாப்பிட்டால் 300 கலோரியும், மூன்று தேக்கரண்டிச் சீனி அளவுக்குச் சர்க்கரையும் உள்ளே போயாச்சு.

இன்னொரு கணக்கும் போடுவோம். வெந்து ஈரம் வற்றிய பிறகு இருபதும் சேர்ந்து சுமார் 350 கிராம் இருக்கும். அப்படியானால் 100 கிராமுக்கு 18 கிராம் சர்க்கரை. கடையில் விற்கும் பல சாதாரண பிஸ்கட் பாக்கெட்டுகளில் 100 கிராமுக்கு 20 முதல் 25 கிராம் என்று போட்டிருக்கிறது. வித்தியாசம் எவ்வளவு பாருங்கள், மலைக்கும் மடுவுக்கும் ஒன்றும் இல்லை!

அப்படியானால் நம் பிஸ்கட்டில் லாபமே இல்லையா? இருக்கிறது, ஆனால் நாம் நினைக்கிற இடத்தில் இல்லை. மைதா வயிற்றுக்குள் போனதும் அதன் மாவுச்சத்தும் குளுக்கோஸாகத்தான் மாறும். கடை பிஸ்கட்டில் சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து எடையில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. நம்முடையதில் அந்த மாவின் இடத்தில் கடலை இருக்கிறது. கடலையில் கால்வாசி புரதம். அதோடு நார்ச்சத்தும் நல்ல எண்ணெயும் இருப்பதால் வயிறு சீக்கிரம் நிறையும், சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகமும் கொஞ்சம் குறையும். நன்மை முழுவதும் கடலையால் வந்தது. பேரீச்சம்பழத்துக்கு நாம் கொடுக்கிற மாலையைக் கழற்றிக் கடலைக்குப் போட வேண்டும்.

"பழத்துச் சர்க்கரை ஒண்ணும் செய்யாது சார்" என்று சொல்வோர் நிறைய. முழுப் பழத்தை மென்று தின்பதற்கு அது ஓரளவு பொருந்தும். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சர்க்கரைக்கு வரம்பு சொன்னபோது முழுப் பழத்தில் இருக்கும் சர்க்கரையை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. தேனையும் பழச்சாற்றையும் சேர்த்தது. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அந்த வரம்பு நாளுக்கு 50 கிராம், 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்றது. பிரிட்டனில் ஒரு படி மேலே போய், கூழாக மசித்த பழத்தின் சர்க்கரையையும் இந்த வரம்புக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். நாம் பேரீச்சம்பழத்தை ஊறவைத்து மசித்துப் போடுவது எதற்காக? சீனிக்குப் பதிலாகத்தானே! சீனியின் வேலையைச் செய்கிற பொருளைச் சீனியின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

கருப்பட்டிக்கும் இதேதான். கருப்பட்டி எங்கள் மாவட்டத்தின் பெருமை, சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி போட்ட காபியின் ருசியே தனி. கீழக்கரைத் தொதலைச் சாப்பிட்டவர்கள் மறக்க மாட்டார்கள். ருசிக்காகவும், பனையேறிகளின் பிழைப்புக்காகவும் கருப்பட்டியை வாங்குங்கள். ஆனால் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். சுகருக்கு மருந்து என்று நினைத்து வாங்காதீர்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. என்னிடம் படித்த பெண் ஒருத்தி, இரண்டு பிள்ளைகளின் தாய், வீட்டில் சின்ன ஓவன் வாங்கி இந்தப் பழ பிஸ்கட்டைச் செய்து விற்கிறாள். சுத்தமாகச் செய்கிறாள், ருசியும் பிரமாதம். டப்பாவில் ஒட்டுவதற்குத் தமிழில் நாலு வரி எழுதித் தரச் சொல்லி வந்தாள். "சர்க்கரை இல்லாதது, சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றதுன்னு போடுங்க சார். அப்பத்தான் போகுது. எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க" என்றாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடன் வாங்கி ஓவன் போட்டவள். ஆனால் அந்த வரியை நான் எழுதித் தரவில்லை. "ஏம்மா, உன் மாமியாருக்கே சுகர் இருக்கே, இதுல எட்டு எடுத்து அவங்க கையில கொடுப்பியா?" என்று கேட்டேன். பேசாமல் நின்றாள்.

சட்டமும் அதற்கு இடம் தராது. "சுகர் ஃப்ரீ" என்று போட வேண்டுமானால் 100 கிராமில் சர்க்கரை அரை கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நாம் பார்த்தது 18 கிராம். "சர்க்கரை சேர்க்காதது" என்றாவது போடலாமா? சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் வழிகாட்டுதலில், சீனிக்குப் பதிலாக உலர்பழக் கூழைப் போட்ட பண்டத்துக்கு அந்த வாசகமும் கூடாது என்று உதாரணத்தோடு இருக்கிறது. உணவு விளம்பரங்களுக்கான நம் நாட்டு 2018ஆம் ஆண்டு விதிகளும் அதை ஒட்டி வந்தவைதான்.

நான் எழுதிக் கொடுத்தது இது: "மைதா இல்லை. கடலை, கொப்பரை, எள், பேரீச்சம்பழம், வாழைப்பழம் மட்டும். இனிப்பு முழுவதும் பழத்திலிருந்து. ஒன்றில் சுமார் 3 கிராம் சர்க்கரை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் அளவோடு சாப்பிடவும்." முதலில் முகத்தைச் சுளித்தாள், பிறகு வாங்கிக்கொண்டு போனாள். விற்பனை கூடியதா என்று தெரியாது. ஆனால் அந்த டப்பாவை யார் கையிலும் கூச்சமில்லாமல் கொடுக்கலாம்.

இவ்வளவு கறாராக இருக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி நம் நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல். அந்த விளிம்பில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கும் மேல். உங்கள் தெருவிலும் என் தெருவிலும் அவர்கள்தான் இருக்கிறார்கள். லட்டைக் கண்டால் அவர்களுக்குத் தெரியும், ஒதுங்கிப் போவார்கள். ஆரோக்கியம் என்று எழுதி ஒட்டிய பண்டத்தில்தான் ஏமாறுவார்கள். ஒன்று எடுக்க வேண்டிய இடத்தில் ஆறு எடுப்பார்கள், யாரும் தடுக்கவும் மாட்டார்கள். பேர் நல்ல பேராக இருக்கிறதே!

ஆகவே என் யோசனை இதுதான். பெரியவர்களுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு, அதுவும் மாலை டீயோடு. அன்றைக்கு டீயில் சீனி வேண்டாம். மாத்திரை, ஊசி போடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு இரண்டு தாராளமாகக் கொடுங்கள், பாக்கெட் பிஸ்கட்டுக்கு அது எவ்வளவோ மேல். காலைப் பலகாரத்துக்குப் பதிலாக மட்டும் வேண்டாம்.

கடைசியாக நம் ஊர் விஷயம் ஒன்று. ஆவணி, புரட்டாசியில் நம் பனங்காட்டில் பழம் பொத்துப் பொத்தென்று விழும். கிழங்குக்காகக் கொட்டையைப் பொறுக்குகிறோம், மஞ்சள் சதையில் முக்கால்வாசி வீணாகத்தான் போகிறது. கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் அதே சதையைப் பிழிந்து, பாயில் ஊற்றிக் காயவைத்துப் பனாட்டு ஆக்குகிறார்கள், பனங்காய்ப் பணியாரம் சுடுகிறார்கள். நாம் இந்தப் பிஸ்கட்டில் வாழைப்பழத்துக்குப் பதிலாக, நார் போக வடிகட்டி அடுப்பில் நன்றாகக் கிளறிக் கெட்டியாக்கிய பனம்பழக் கூழைச் சேர்த்துப் பார்க்கலாம். வாசனை வீட்டைத் தூக்கும். சில மரத்துப் பழம் கசக்கும், ருசி பார்த்துவிட்டுச் சேருங்கள்.

இந்த ஆவணியில் யாராவது செய்தால் எந்த மரத்துப் பழம், எவ்வளவு கூழ், எத்தனை பிஸ்கட் வந்தது என்று கீழே எழுதுங்கள். ஒன்றுக்கு எவ்வளவு சர்க்கரை என்று சேர்ந்தே கணக்குப் போடுவோம்.