ஒரே டீம் ஆடுன மேட்ச்!

இன்டர்னல்ஸ் முடிஞ்ச ராத்திரி, ஹாஸ்டல் ரூம்ல கும்பலா உட்கார்ந்து பழைய ஃபுட்பால் வீடியோக்களைப் பார்த்துட்டிருந்தோம். அதுல ஒண்ணு சிக்குச்சு பாருங்க... 1973 நவம்பர் 21. சிலி நாட்டோட தலைநகர் சான்டியாகோ, நேஷனல் ஸ்டேடியம். வேர்ல்ட் கப் தகுதிச்சுற்று. சிலி வீரர்கள் ஜாலியா பாஸ் பண்ணிக்கிட்டே போய் கோல் அடிக்கிறாங்க. தடுக்க ஆளே இல்லை. எதிர் டீமே வரலை!

ரூமே சிரிச்சுது. காரணத்தைத் தேடிப் படிச்சப்போ சிரிப்பு போயிடுச்சு. அந்த வருஷம் செப்டம்பர் 11-ம் தேதி ஜெனரல் பினோசே தலைமையில ராணுவம் புகுந்து, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அலெண்டே ஆட்சியைக் கவிழ்த்துது. அதே ஸ்டேடியத்தை ஜெயிலாக்கி, ஆயிரக்கணக்கானவங்களை அடைச்சு, சித்ரவதை பண்ணாங்க. 'அங்கே ஆட மாட்டோம்'னு சோவியத் யூனியன் மறுத்துடுச்சு.

15 வருஷம் கழிச்சு அரசியல்லயும் இதே மாதிரி ஒரு மேட்ச். ராணுவ ஆட்சியே எழுதின 1980 அரசியல் சட்டப்படி, 1988 அக்டோபர் 5-ல வாக்கெடுப்பு. வேட்பாளர் ஒரே ஒருத்தர்... சாட்சாத் பினோசேவேதான்! இன்னும் 8 வருஷம் அவர் இருக்கலாமா? 'ஸீ'ன்னா சரி, 'நோ'ன்னா வேண்டாம். அவ்வளவுதான்.

எதிர்க்கட்சிகளுக்குள்ள செம சண்டை. பழைய வாக்காளர் பட்டியலை ராணுவம் அழிச்சிருந்ததால, 1987-ல இருந்து எல்லாரும் புதுசா பேர் பதியணும். 'பேரைக் கொடுத்தாலே அவரோட சட்டத்தை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்'னு ஒரு கோஷ்டி. நானா இருந்தா சத்தியமா அந்த கோஷ்டிதான். 'எப்படியும் ஃபிராடு பண்ணுவான், நமக்கெதுக்கு மச்சி'ன்னு போர்வையை இழுத்துப் போர்த்தியிருப்பேன். ஆனா, 70 லட்சத்துக்கும் மேல பேர் பதிஞ்சாங்க!

பிரசாரத்துக்கு 27 நாள், தினமும் டி.வி-யில ஆளுக்கு 15 நிமிஷம். 'நோ' அணி வானவில் சின்னத்தோட, 'சந்தோஷம் வரப்போகுது'ன்னு பாட்டுப் பாடிக்கிட்டு வந்தது. 'இத்தனை பேர் செத்திருக்காங்க, டூயட்டா கேட்குது?'ன்னு சொந்த அணியிலயே சிலர் கொதிச்சாங்க. கொதிச்சதுல நியாயம் இருக்கு.

ஆனா, என்னைப் போட்டு உலுக்கினது பாட்டு இல்லாத ஒரு விளம்பரம். ஒரு வயசான அம்மா சோபாவுல உட்கார்ந்து, தன்னைக் கடத்திட்டுப் போய் சித்ரவதை பண்ணினதை அமைதியா சொல்றாங்க. அதனாலதான் தன்னோட ஓட்டு 'நோ'ன்னு முடிக்கிறாங்க. கேமரா மெதுவா நகருது. பக்கத்துல கார்லோஸ் காஸ்ஸெலி! அந்தக் காலி கோல் மேட்ச்ல ஆடின அதே ஸ்டார் பிளேயர். வேர்ல்ட் கப் வரலாற்றுலயே முதல் ரெட் கார்டு வாங்கினவர். பினோசேவோட கை குலுக்க மறுத்தவர். 'என் ஓட்டும் நோதான்... ஏன்னா, இவங்க என் அம்மா'ங்கிறார். ரூம்ல ஒருத்தனும் பேசலை.

வாக்கெடுப்பு அன்னிக்கு ராத்திரி அரசாங்கம் இழுத்தடிச்சுது. 'நோ' அணியோ தனியா கம்ப்யூட்டர் வெச்சு, சாவடி சாவடியா வந்த கணக்கைக் கூட்டிக்கிட்டு இருந்துது (நம்ம டிபார்ட்மென்ட் ஆளுங்களுக்கு ஒரு சபாஷ்!). நள்ளிரவு தாண்டி அதிபர் மாளிகைக்கு வந்த விமானப்படைத் தளபதி மத்தேய், வாசல்ல நின்ன நிருபர்கள்கிட்ட 'நோ ஜெயிச்ச மாதிரிதான் தெரியுது'ன்னு போட்டு உடைச்சார். 1973-ல அதே மாளிகை மேல குண்டு போட்டது அதே விமானப்படைதான். 'நோ'வுக்கு விழுந்தது சுமார் 56 சதவிகிதம்!

'சுபம்' கார்டு போட்டுடாதீங்க. 1990 மார்ச்ல அய்ல்வின் அதிபரானார். பினோசே? 1998 வரைக்கும் ராணுவத் தளபதி, அப்புறம் ஆயுட்கால செனட்டர்! அந்த வருஷமே லண்டன்ல கைதானார். ஆனா, எந்த வழக்குலயும் தண்டனை வாங்காமலே 2006-ல செத்துப் போனார். 3,000-க்கும் மேல கொல்லப்பட்ட, காணாமப் போன ஒரு நாட்டுல! அந்த 1980 சட்டத்தைப் பலமுறை திருத்தினாங்க. மொத்தமா மாத்த 2022-லயும் 2023-லயும் நடந்த வாக்கெடுப்புகள்ல புதுச் சட்டம் தோத்துப்போச்சு.

நேஷனல் ஸ்டேடியத்தைப் புதுப்பிச்சப்போ, கைதிகளை வெச்சிருந்த பகுதியில கொஞ்சம் பழைய மர பெஞ்சுகளை மட்டும் தொடாம விட்டுட்டாங்க. சுத்தி ஸ்டேடியமே கத்திக்கிட்டிருக்கிற மேட்ச்லயும் அந்த பெஞ்சுகள் காலியாவே இருக்கும்.