‘கூல்’ என்னும் சொல்

அறியாமைக் கால அரபியர் பாலைவனப் பயணங்களில் அஞ்சியது ‘கூல்’ என்னும் பேயை. பல உருவங்களில் தோன்றி, வழிதவறச் செய்து, பயணியை அழித்துவிடும் என நம்பினர். எதிர்பாராத வேளையில் பற்றி அழித்தல் என்பதே அச்சொல்லின் வேர்ப்பொருள். சுவனத்து மதுவில் ‘கவ்ல்’ இல்லை எனத் திருக்குர்ஆன் (37:47) கூறுவதும் இதே வேரிலிருந்துதான். அங்கு அது மதுவின் கேட்டைக் குறிக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் கூல் பற்றிய நம்பிக்கையை மறுத்தார்கள் (ஸஹீஹ் முஸ்லிம்). மறுக்கப்பட்டது அதன் இருப்பா, உருமாறி வழிகெடுக்கும் ஆற்றல் மட்டுமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும் அந்த அச்சத்திற்கு இடமில்லை. நாமோ உறங்குமுன் ஓத ஆயத்துல் குர்ஸியைக் கற்றுத் தருகிறோம். மறுவேளை சோறுண்ண மறுக்கும் அதே பிள்ளையிடம் ‘பூச்சாண்டி வருவான்’ என்கிறோம். என் வீட்டிலும் சொன்னதுண்டு.