நிலம் நமது, வானம் தில்லியதா?

ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கல்லில் மக்கள் வெள்ளம் திரள்கிறது. அவர்தம் தலைக்குமேல் ஆளில்லா வானூர்தியொன்று தீங்கெண்ணிப் பறப்பின், தருமபுரிக் காவல்துறை என்செய்யும்? 2021-இல் நடுவணரசு வகுத்த நெறிமுறைப்படி, காவல் கண்காணிப்பாளர் ஒரு வட்டாரத்தில் 96 மணிநேரம் வரை பறத்தலைத் தடுத்து அறிவிக்கலாம். அறிவிப்பு வானூர்தியை வீழ்த்துமா? அதனைச் செயலிழக்கச் செய்யும் வானலைமுடக்கியை வாங்குதற்கோ, தில்லியின் இசைவுக்குக் கைகட்டி நிற்றல் வேண்டும்!

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, பொது அமைதியையும் காவலையும் மாநிலத்திடம் விட்டது. வான்வழியையும் வானலையையும் நடுவணரசிடம் குவித்தது. புனங்காக்கச் சொல்லிவிட்டுக் கவணைப் பறித்துக்கொள்வது எவ்வகை அறம்?

அவ்வுரிமை மாநிலத்திற்கு வந்தே தீரல் வேண்டும். வந்தபின், அமைதியாய்க் கூடுவோரின் படக்கருவியை முடக்க அது பயன்படலாகாது. ஒவ்வோர் ஆணையும் கரணியங்காட்டித் தமிழில் வெளிவரல் வேண்டும். தமிழர்களே, உரத்துக் கேளுங்கள்!